முகவைச் சீமையில் நான்கு நாள்

முதல் நாள், வெள்ளி இரவு, கேணிக்கரை

அரசு அலுவலகங்களில் ஒரு மிரட்டல் உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எது என்று யாரும் விளக்குவதில்லை, விளக்கத் தேவையுமில்லை. எங்கள் அப்பாவுக்கு இந்த மிரட்டல் இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டாவது தடவை, "மாத்துங்க சார், மாமியார் ஊருதான்" என்று சொல்லிவிட்டாராம். மிரட்டியவர் அதன்பிறகு பேசவேயில்லை.

அம்மா பிறந்த ஊர் முகவை என்கிற ராமநாதபுரம். சின்ன வயதில் லீவுக்கு வந்து போனதோடு சரி. கோயம்புத்தூரில் வேலைக்குப் போனபின் கல்யாணம், காதுகுத்து என்று வந்து பந்தியில் உட்கார்ந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறேன். அரண்மனை வாசலைத் தாண்டி எத்தனையோ முறை போயும் உள்ளே கால் வைத்ததில்லை. இந்த மாசியில் நாலு நாள் லீவு சேர்ந்தது. சின்ன மாமாவுக்குப் போன் போட்டேன். "வா மாப்ளே, வேன் சும்மாதான் நிக்குது" என்றார்.

மாமா முப்பது வருஷம் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரை ஸ்டேஜ் ஸ்டேஜாகத்தான் பார்ப்பார். ஒரு கோயிலைப் பற்றிக் கேட்டால் முதலில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பார், அப்புறம்தான் சாமி பெயர்.

மதுரையிலிருந்து பஸ். மானாமதுரை தாண்டியதுமே இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஆரம்பித்துவிட்டது. பரமக்குடிக்கு அப்பால் சத்திரக்குடிப் பக்கம் வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தரை திடீரென்று சிவந்தது. குண்டு மிளகாய். தார்ப்பாய் விரித்து, நிழலே இல்லாத வெட்டவெளியில் காயப்போட்டிருக்கிறார்கள். நீள மிளகாய் மாதிரி இல்லை, கோலிக்குண்டு அளவில் உருண்டை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இது. பஸ்ஸில் பாதிப் பேர் தும்மினோம். உள்ளூர்க்காரர்கள் தும்மவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்து ராமலிங்க விலாசம் போனோம்.

அரண்மனை என்றதும் எனக்குத் திருமலை நாயக்கர் மகால்தான் கண்ணில் நிற்கும், அந்தப் பருத்த தூண்களும் வளைவுகளும். இது அப்படியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். உயரமான மேடை, ஏறிப்போகப் படி, மேலே தட்டையான ஒரு கல் கட்டடம். உள்ளே போனபிறகுதான் அமைப்பு பிடிபட்டது: முன்னால் மகாமண்டபம், அதற்குப் பின்னால் அர்த்தமண்டபம், கடைசியில் கருவறை மாதிரி ஓர் அறை. கோயிலின் வரிசையிலேயே அரண்மனையைக் கட்டியிருக்கிறார்கள். சேதுபதி என்றால் சேதுவின் காவலர். ராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரைக்காரர்களைக் காப்பது அவர்கள் வேலை. வீட்டையும் கோயில் மாதிரியே கட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர், 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி. இந்த மாளிகையும் அவர் காலத்தது. அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி, சுவர், தூண், கூரை என்று ஓர் இடம் விடாமல் ஓவியம் தீட்ட வைத்திருக்கிறார். ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் சேதுபதியைச் சந்திக்கும் காட்சி. ராஜராஜேசுவரி அம்மன் கையாலேயே செங்கோல் வாங்குகிறார் ராஜா. காவியும் மஞ்சளும்தான் இன்னும் தெளிவாக நிற்கின்றன. வெள்ளைக்காரர்களின் தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ராமாயணக் காட்சிகளை அந்த ஓவியர் கை பழகிப் பழகி வரைந்திருக்கும். இந்தத் தொப்பி அவருக்குப் புதுசு, நின்று யோசித்து வரைந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

மேல்மாடிப் படுக்கையறை ஓவியங்களுக்கு முன்னால் மாமா நிற்கவில்லை. "அதெல்லாம் ராஜா சமாச்சாரம், நீ பார்த்துட்டு வா" என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

1798 செப்டம்பர் 10ஆம் தேதி கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் பேட்டி கண்டது இந்த ராமலிங்க விலாசத்தில்தான். குற்றாலம், சிவகிரி, சீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் இங்கே சந்தித்தார். பேச்சு கைகலப்பாகி, லெப்டினன்ட் கிளார்க் செத்தார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் தப்பிப் போனார். படி இறங்கும்போது மாமா, "இந்தப் படியிலதான் வெட்டிக்கிட்டு எறங்குனாரு" என்றார், பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி. எந்தப் படி என்று நான் கேட்கவில்லை.

தொல்லியல் துறைக் காட்சியகத்தில் வளரி வைத்திருக்கிறார்கள். பிறை வடிவத்தில் எறிந்து தாக்கும் ஆயுதம். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்தால் துணிகாயப்போடும் ஹேங்கர் என்று தோன்றும்; அது சுழன்று வந்து காலை வாங்கும் என்று நினைத்தால் ஹேங்கர் மறந்துபோகும்.

சாயங்காலம் அரண்மனையிலிருந்து நடந்து முகவை ஊருணிக்கு வந்தோம். மாசியிலும் தண்ணீர் கிடந்தது. கரையில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றோம். ஊருணி என்பது குளம் இல்லை, குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் வைத்தது. அதில் கால் நனைத்தால் அந்தக் காலத்தில் பஞ்சாயத்தே கூடும் என்றார் மாமா. இப்போது இந்த ஊரின் குழாயில் வருவது காவிரி. திருச்சிப் பக்கத்திலிருந்து குழாய் வழியாக வருகிற கூட்டுக் குடிநீர். வைகை வந்து கடலில் கலக்கும் ஊரில் காவிரியைக் குடிக்கிறார்கள். அத்தை வைத்த மீன்குழம்புக்கும் காவிரித் தண்ணீர்தான், ருசியில் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் நாள், சனி இரவு

முதலில் ஒரு திருத்தம். "வைகை வந்து கடலில் கலக்கும் ஊர்" என்று நேற்று எழுதியிருந்தேன். காலையில் காப்பியோடு அதைப் படித்த மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "யாரு சொன்னா கலக்குதுன்னு?"

வைகை வந்து முடிவது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குப் போகும். பல வருஷம் அந்த மிச்சமே இருக்காது. சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்த பாவி இந்தக் கடல், அதனோடு சேரமாட்டேன் என்று வைகை வழியிலேயே நின்றுவிட்டதாக ஒரு பழம்பாட்டு உண்டு. புலவர் கற்பனை அழகுதான். நிஜக் காரணம், வழி நெடுக இருக்கிற கண்மாய்கள். வருஷநாட்டு மலையில் புறப்பட்டு 258 கிலோமீட்டர் வருகிற ஆற்றை, கடலுக்குப் போகவிட்டால் வீண் என்று வாய்க்கால் வெட்டி வெட்டிக் கண்மாய்க்குத் திருப்பியிருக்கிறார்கள். ஒரு ஆற்றையே குடித்துத் தீர்த்த சீமையைத் தண்ணியில்லாக் காடு என்கிறோம்.

திருத்தம் முடிந்தது. காலை ஆறு மணிக்குத் திருப்புல்லாணி. ஊரிலிருந்து 10 கிலோமீட்டர்தான்.

108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய தலம். மூலவர் ஆதிஜெகநாதப் பெருமாள். எனக்கு ரொம்பப் பிடித்தது தர்ப்பசயன ராமர் சன்னிதி. ராமர் எங்கேயும் வில்லோடு நிற்பார், இல்லை சீதையோடு சிம்மாசனத்தில் இருப்பார். இங்கே தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கிறார். இலங்கைக்கு வழி விடச் சொல்லிச் சமுத்திரராஜனைக் கேட்டுவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்த கதை.

"ராமரே மூணு நாள் வெயிட் பண்ணிருக்காரு மாப்ளே. நம்மாளுக பத்து நிமிஷம் பஸ் லேட்டுன்னா கண்ணாடிய ஒடைக்கிறானுக."

பிள்ளை வரம் கேட்டு வருபவர்களுக்குப் பாயசம் இங்கே பிரசாதம். தசரதர் கதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அரசமரத்தடியில் நாகர் சிலைகள் வரிசை வரிசையாக. எதிரே சக்கர தீர்த்தம். பார்க்க நிறைவான குளம்.

அங்கிருந்து சேதுக்கரை நாலைந்து கிலோமீட்டர். போகிற வழியில் பதநீர். சீசன் இப்போதுதான் ஆரம்பம். பனையேறி ஒருவர் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். பனையோலைப் பட்டையை மடித்து ஊற்றிக் கொடுத்ததில், சுண்ணாம்பு வாசனையோடு ஓலை வாசனையும் சேர்ந்து இறங்கியது. மாமா மூன்று பட்டை குடித்தார். சர்க்கரை இருக்கிறதே என்றேன். "இது வேற சர்க்கரை" என்றார். டாக்டர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

சேதுக்கரையில் ஆஞ்சநேயர் கடலைப் பார்த்து நிற்கிறார். கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. நாலைந்து குடும்பங்கள் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கரைநெடுக நனைந்த துணிகள். பித்ருக்களுக்கு வேட்டியைக் கடலில் விடுகிற பழக்கத்தை யாராவது நிறுத்தினால் தேவலை. நடந்தால் காலைச் சுற்றுகிறது.

பதநீரும் பேச்சுமாக நேரம் போய், உத்தரகோசமங்கை போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. கோயில் நடை சாத்திவிட்டார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பு. முப்பது வருஷம் டைம்கீப்பரிடம் கையெழுத்துப் போட்ட மனுஷர் இப்படி ஆனது அவருக்கே தாங்கவில்லை. "இந்த ட்ரிப்பு லேட்டு, ஏத்துக்கிறேன்."

குளத்தங்கரை மரத்தடியில் அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சாதமும் வறுத்த மோர்மிளகாயும். அப்புறம் துண்டை விரித்து ஒரு தூக்கம். சுற்றுலா போகிறவர்களிடம் எத்தனை இடம் பார்த்தாய் என்று கேட்கிறார்கள். நான் இன்று மூன்றரை மணி நேரம் ஒரு கோபுரத்தை வெளியிலிருந்தே பார்த்தேன். மேலே கிளிகள் பொம்மைக்குப் பொம்மை தாவிக்கொண்டிருந்தன. எதிர்வெயிலில் ஒரு பாட்டி நாலுசக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிப் போனார். இரும்புச் சட்டத்தில் குடம் உட்காருகிற மாதிரி வளையம் வளையமாக வைத்த வண்டி. இந்த ஜில்லாவில் வீட்டுக்கு வீடு இருக்கும். வேறெங்கும் இப்படி நான் கண்டதில்லை.

"மண் முந்தியதோ மங்கை முந்தியதோ" என்று பழமொழி சொல்லும் அளவுக்குப் பழைய தலம். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடியது இங்கே. இந்த ஊரைச் சொல்லிப் பொன்னூசலும் பாடியிருக்கிறார். சுவாமி மங்களநாதர், அம்மன் மங்களேசுவரி. சிவனுக்கு ஆகாது என்று மற்ற ஊர்களில் ஒதுக்கிவைத்த தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள். தலவிருட்சம் இலந்தை. கவனித்தால் இரண்டுமே இந்த மண்ணின் முள்செடி; வைத்துக்கொள்ள ஊர்க்காரர்களுக்கு மனம் வராமலா போகும்?

நுழைகிற மண்டபத்தில் யாளிகள். அதில் வாய்க்குள் கல்லுருண்டை இருக்கிற யாளியைப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள், விரலை விட்டு உருட்டிப் பாருங்கள். உருண்டை நன்றாகச் சுழலும், ஆனால் பல்வரிசையைத் தாண்டி வெளியே வராது. யாளியைச் செதுக்கும்போதே வாய்க்குள் இருக்கிற கல்லை விட்டுவைத்து உருண்டையாக்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான விரல்கள் பட்டு அது எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுக்கிறது. எனக்கு முன்னால் நின்ற சிறுவன் அதைப் பிடுங்கிவிடப் பத்து நிமிஷம் போராடினான். அவன் அம்மா இழுத்துப் போனபிறகு நானும் ஐந்து நிமிஷம் போராடினேன்.

மரகத நடராஜர் சன்னிதியில் சந்தனம்தான் தெரிகிறது. ஆளுயரத்துக்கு இருக்கும் மரகதத் திருமேனிக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரு நாள் மட்டும் அதைக் களைகிறார்கள். அந்தப் பச்சையைப் பார்க்க ஊரே திரளும். "எட்டுத் தடவை ஸ்பெஷல் பஸ்ஸுல டூட்டி பாத்திருக்கேன்" என்றார் மாமா, "ஒரு தடவைகூட உள்ள போகல. ஆளை எறக்குனா ஆளை ஏத்தணும்ல."

ராத்திரி கீழக்கரை வழியாகத் திரும்பினோம். பழைய ஜும்மா பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தேன். கல்தூணும் அதன் தலையில் போதிகையும் வைத்து, நம்ம ஊர்க் கோயில் மண்டபம் கட்டிய கைகளே இதையும் கட்டியிருக்கும். கிழவன் சேதுபதிக்கு உற்ற துணையாக இருந்த பெரியதம்பி மரைக்காயர், அதாவது "செத்தும் கொடுத்தான்" சீதக்காதி, இந்த ஊர்க்காரர். தொதல் வாங்கினேன். தேங்காய்ப்பால் அல்வா என்று சொன்னால் கீழக்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே தொதல் என்றே வைத்துக்கொள்வோம். பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள், ஞாயிறு, மிகவும் லேட்

உடம்பெல்லாம் உப்பு. குளித்தபிறகும் போகவில்லை.

விடியுமுன்பே பாம்பன் பாலத்தில் இருந்தோம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988இல் வந்த ரோட்டுப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். பழையது ஓடிய காலத்தில் வாய் பிளக்கிற மாதிரி இரண்டாகத் திறந்தது. புதியதில் நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. வண்டியை நிறுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் வண்டிகள் நின்றன. நாங்கள் நிற்கவில்லை. மாமா ரூல்ஸ் ஆள்.

அக்னி தீர்த்தம், அதாவது கடல், அதில் முங்கிவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம். போன், சட்டை, மாற்றுத்துணி எல்லாம் வேனில். வேன் சாவி மாமாவிடம். முட்டிவலி என்று அவர் தீர்த்தமாட வரவில்லை. "தெக்குப் பிரகாரத்துல நிக்கிறேன், முடிச்சிட்டு வா." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்த்தமாடுவது ஒரு விதமான ஓட்டம். கிணற்றின் மேல் ஒருவர் நின்றுகொண்டு கயிறு கட்டிய வாளியை உள்ளே விட்டு, எடுத்த வேகத்தில் தலையில் கவிழ்ப்பார். குளிர் உறைக்குமுன் அடுத்த கிணறு. மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்று பெயர் சொல்லிக்கொண்டே ஓடுகிறார்கள். நளன், நீலன் பெயரிலும் உண்டு, கங்கை, யமுனை, கயையும் உண்டு, கடைசியில் கோடி தீர்த்தம். நான் ஒவ்வொன்றிலும் உதட்டில் வழிந்ததை நக்கிப் பார்த்தேன். சிலது லேசாகக் கரித்தது. சிலது சப்பென்றிருந்தது. இரண்டு மூன்று கிணறு சுத்தமான இனிப்பு. நாலு பக்கமும் கடல், நடுவில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு கிணறு, ஒன்றின் ருசி இன்னொன்றில் இல்லை. பாவம் போகிறதோ இல்லையோ, தீவுக்குள் இத்தனை ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் சாமி பேர் வைத்து, யாரும் தூர்த்துவிடாமல் காபந்து பண்ணிய அந்தப் பழைய ஆட்களைக் கும்பிட வேண்டும்.

ஈரத்துணியோடு சன்னிதிக்கு விடமாட்டார்கள். மாற்றுத்துணிக்குச் சாவி வேண்டும். சாவிக்கு மாமா வேண்டும். மாமா தெற்குப் பிரகாரத்தில்.

மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண். கிழக்கு மேற்காக ஒரு பக்கம் 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி. முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தது. படத்தில் பார்த்திருப்பீர்கள், ஒரே மாதிரித் தூண்கள் போய்ப் போய் ஒரு புள்ளியில் சேரும். நேரில் அந்தப் புள்ளியைப் பார்த்து நடந்தால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. எந்தத் தூணும் அடையாளம் சொல்லவில்லை. தெற்கு எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு சுற்று, இரண்டு சுற்று. கல்தரை எலும்பு வரை குளிர்ந்தது. ஒரு வடநாட்டுக் குடும்பம் என்னைப் பார்த்து, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டுவைத்தேன்.

கூரையிலிருந்த வர்ணக் கோலங்களையெல்லாம் இந்தச் சாக்கில் பார்த்து முடித்தேன். தூண்களின் கால் எல்லாம் இடுப்புயர மேடையில் நிற்கின்றன. நடைபாதை இரண்டு மேடைக்கு நடுவே ஓடுகிறது. அதனால்தான் கூரை நிஜ உயரத்தைவிட உயரமாகத் தெரிகிறது. மூன்றாவது சுற்றில் எங்கோ தொலைவிலிருந்து, 1212 தூணிலும் மோதிக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"ராம்நாடு... ராம்நாடு... ஏறுறவங்க ஏறு!"

கோயிலுக்குள் விசில் அடிக்கக் கூடாது என்ற நாகரிகம் தெரிந்த மனுஷர். அவர் நின்றது வடக்குப் பிரகாரம். "நீ எந்தப் பக்கத்துலேருந்து வர்றேங்கிறதைப் பொறுத்துத் தெக்கு" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல?

தரிசனம் முடித்து, சாப்பிட்டு, தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நடைபாலம் போகிறது, அதன் முனையில் கிணறு. சுற்றிக் கடல், உள்ளே நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகமெடுத்தபோது ராமர் வில்லை ஊன்றிய இடமாம். காலையில் 22 குடித்த நாக்கோடு போய்க் குடித்தும் இது நன்றாக இருந்தது.

தனுஷ்கோடிக்கு மூன்று மணி வெயிலில் போனோம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் போன ஊர். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை, ஏறியிருந்தவர்களோடு கடல் எடுத்துக்கொண்டது. இடிந்த மாதா கோயிலின் பவளக்கல் சுவரைப் பார்க்க வருபவர்கள் சங்குமாலை பேரம் பேசுகிறார்கள், போஸ் கொடுக்கிறார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. குரலைத் தணித்துப் பேச வேண்டிய இடம் என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

சற்றுத் தள்ளி மீனவர் குடிசைகள். அங்கே ஒரு அக்கா ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். மணலில் இடுப்பளவுக் குழி. மணல் சரியாமலிருக்க, அடி வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மைப் பதித்திருக்கிறார்கள். அடியில் இரண்டு சாண் தண்ணீர். நீளக் கம்பில் செருகிய சிரட்டையால் மேலாக, தண்ணீருக்கு வலிக்காத மாதிரி மொள்கிறார். குடத்தின் வாயில் பழைய சேலைத் துணி. பத்துச் சிரட்டைக்கு ஒருமுறை நிறுத்துகிறார், தண்ணீர் ஊறி ஏறுகிறது, திரும்ப மொள்கிறார். இருபுறமும் கூப்பிடு தூரத்தில் கடல், ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், இன்னொரு பக்கம் அமைதியான பெண்கடல். சத்தத்தை வைத்தே எது எது என்று சொல்லலாம்.

"குடிச்சுப் பாருங்கண்ணே." சிரட்டையோடு நீட்டினார். இளநீர் மாதிரி இல்லை, அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீர். அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறைய வராதா என்று கேட்டேன். சிரித்தார். "ஆசப்பட்டுத் தோண்டுனா உப்பு ஏறிரும்ணே. பெறகு அந்தக் குழியே ஆகாது."

மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், அதைவிடக் கனமான கடல்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மெல்லிய ஏடு மாதிரி. பால் மேலிருக்கும் ஆடையை வழிப்பதுபோல அந்த ஏட்டைத்தான் சிரட்டையால் வழிக்கிறார்கள். வேகமாக இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். மோட்டார் போடாமல் சிரட்டை ஏன் என்பது அங்கே நின்றபோது புரிந்தது.

அரிச்சல்முனைக்கும் போனோம். கூட்டம். திரும்பிவிட்டோம்.

நாலாம் நாள், திங்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து

காலையில் சக்கரக்கோட்டைக் கண்மாய். ஊருக்கு அடுத்தாற்போல இருக்கிற இந்தப் பறவைகள் சரணாலயம் 2025இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உள்வாயில் நாட்டுக்கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, மரத்துக்கு மரம் கூடு. சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன். குஞ்சுகளின் கத்தல் சந்தைக்கடை மாதிரி. வாடை உண்டு, சொல்லிவிடுகிறேன். முள்மரத்தில் கூடு வைத்தால் பாம்பும் பூனையும் ஏறுவது கஷ்டம், கீழே தண்ணீர் வேறு. மாமாவுக்குப் பறவை பெயரெல்லாம் தெரியாது. "வருஷா வருஷம் வர்ற சீசன் பாஸ்காரங்க" என்றார்.

தேவிபட்டினம் எட்டு மணிக்கு. கடலுக்குள் ஒன்பது கல், நவகிரகம். ராமர் மணலில் பிடித்து வைத்தது என்பது நம்பிக்கை. சுற்றிவர நடைமேடை இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நவதானியம் போட்டுச் சுற்றுகிறார்கள். அலை சத்தமே இல்லை. தண்ணீர் மட்டம் ஏறினால் கற்களின் தலைதான் தெரியுமாம். இன்று கழுத்துவரை தெரிந்தது. சனி எந்தக் கல் என்று மாமா விசாரித்துக்கொண்டு அதை மட்டும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினார்.

மத்தியானம் ஆர்.எஸ்.மங்கலம். ராஜசிங்கமங்கலம் என்பது முழுப்பெயர். பயணத்தில் நான் கேட்டு வாங்கிய ஒரே இடம் இதுதான். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட வாசகம். ஒரு கரையில் கிளம்பிய நாரை ஒரே மூச்சில் மறுகரை போய்ச் சேர முடியாத அளவு பெரிசு. நாற்பத்தெட்டு மடை திறந்து தண்ணீர் விடலாம். கரைமேல் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியவில்லை. மாசி ஆகிவிட்டதால் தண்ணீர் நடுவில் ஒதுங்கியிருந்தது. மிச்ச உள்வாயில் ஆடு மேய்ந்தது, கீழே ஆயக்கட்டில் அறுப்பு முடிந்த தாள். ஆனாலும் அந்தப் பரப்பு. ராமலிங்க விலாசத்தில் செங்கோல் வாங்கிய ராஜாவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், ஆண்டது யார் என்று சந்தேகம் வரும்.

கரையோடு வேன் போனது. மாமா மடையை எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு மடைக்கும் வேகத்தைக் குறைத்து, ஸ்டேஜ் சொல்கிற குரலில். "ஒண்ணு... ரெண்டு..." சில மடைக்குப் புதுசாக ஷட்டர் போட்டிருந்தார்கள். சிலது கருவேலம் மூடிக் கிடந்தது, அதற்கு இறங்கிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து எண்ணினார். ஏழாவதில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது மடை என்று கேட்டதற்கு, எண் தெரியாது, மடைக்குப் பேர்தான் உண்டு என்றார். மாமா முகத்தில் ஓர் ஏமாற்றம்.

பதினொன்று வந்தபோது கரை உடைந்து மண் குவிந்திருந்தது. வேன் போகாது. மணி நாலரை, எனக்கு ஏழு மணிக்கு பஸ். வேனைத் திருப்ப அவருக்கு மனமில்லை, ஸ்டீயரிங்கில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் முப்பத்தேழு இருக்கு மாப்ளே."

"அடுத்த தடவை பாக்கலாம் மாமா."

"மார்கழிக்கு வா. திருவாதிரைக்கு மங்கைக்குப் போயி அந்தப் பச்சையவும் பாத்துட்டு வந்துருவோம். இந்தத் தடவ ஆளை ஏத்தி எறக்குற வேல நமக்கு இல்லல்ல."

பன்னிரண்டாவது மடை எது என்று தெரிந்துகொள்ள, இறங்கி நடந்து அந்த மண்மேட்டைத் தாண்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். அப்புறம்தான் வேனைத் திருப்பினார்.